திரி எப்போது கருகுகிறது: வேப் கார்ட்ரிட்ஜ் வகைகள், ஓர் ஒப்பீடு

வேப் (இ-சிகரெட்) கருவியில் புதிதாகப் போட்ட கார்ட்ரிட்ஜ், அதாவது திரவம் நிற்கும் குப்பி, மூன்றாம் நாளே அடிப்பிடித்த வாடை அடித்தால், பலரும் முதலில் திரவத்தைத்தான் குறை சொல்வார்கள். அடுத்த முறை வேறு சுவை வாங்குவார்கள். அதுவும் மூன்று நாளில் கருகும். திரவத்தின் மேல் பெரும்பாலும் குற்றம் இல்லை. அது திரிக்குள் ஏறும் வேகத்துக்கும் காயில் என்கிற சூடேறும் உலோகம் அதை ஆவியாக்கும் வேகத்துக்கும் நடுவே கணக்கு தப்பியிருக்கும், அவ்வளவுதான். விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும் வரை எரிவது எண்ணெய். திரி பெரிதாகக் குறைவதில்லை. எண்ணெய் வற்றியதும் திரியே கருகத் தொடங்கும். கார்ட்ரிட்ஜுக்குள் சுடர் இல்லை என்றாலும் நடப்பது இதேதான்.

கார்ட்ரிட்ஜ் வகைகளுக்கு இடையே உள்ள வேறுபாடுகளில் முக்கால்வாசி இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும். சுவை, புகைமூட்டம், கசிவு, ஆயுள் எல்லாமே அதன் விளைவுகள்.

ஒப்பீட்டுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது சிகரெட்டை விட்டுவிட்டு ஏற்கெனவே இதற்கு மாறியவர்களுக்கான விளக்கம். புகைப்பழக்கமே இல்லாதவர் இதைத் தொடங்க ஒரு காரணமும் கிடையாது. வளரும் வயதில் இருப்பவர்களும் கருவுற்றவர்களும் இதன் பக்கமே போகக் கூடாது. நிக்கோட்டின் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு: இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்கிறது, சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். இருக்கும் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

உள்ளே இருப்பது என்ன

எந்தக் கார்ட்ரிட்ஜைப் பிரித்தாலும் அதே உறுப்புகள்தான். திரவம் நிற்கும் சிறு தொட்டி, திரவத்தை உறிஞ்சும் திரி, திரியை ஒட்டியிருக்கும் காயில், ஆவி மேலேறும் நடுக்குழாய், அடியில் மின்சாரம் வாங்கும் இரண்டு உலோக முனைகள். இவற்றின் இடுக்குகளை அடைக்கச் சிலிக்கோன் வளையங்கள். பேட்டரியும் மின்சுற்றும் கருவியில் இருக்கும். அவை கார்ட்ரிட்ஜோடு போவதில்லை.

தொடக்கத்தில் இவை ஒன்றாக இருக்கவில்லை. சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் உருவாக்கிய கருவிதான் இன்றைய இ-சிகரெட்டுகளுக்கு முன்னோடி. அந்தத் தலைமுறையில் கார்ட்ரிட்ஜ் என்பது திரவத்தில் நனைத்த நுரைப்பஞ்சை அடைத்த ஒரு சின்னக் குப்பி. ஆவியாக்கும் பகுதி தனியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே உருளையாக்கியபோது அதற்குக் கார்ட்டமைசர் என்று பெயர் வந்தது. காயிலைச் சுற்றிப் பாலியெஸ்டர் இழையைச் சுருட்டித் திணித்திருப்பார்கள். எவ்வளவு திரவம் மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. காயிலை ஒட்டிய இழை முதலில் காய்ந்துவிடும், ஓரத்து இழையில் திரவம் நிறையவே நின்றுகொண்டிருக்கும். ஆகவே பாதி தீர்ந்ததுமே கருகல் வாடை. பிறகு உள்ளே தெரியும் தொட்டிகள் வந்தன, அவற்றில் முதலில் சிலிக்கா நூல் திரி, அதன்பின் பருத்திப் பஞ்சு. 2015இல் அமெரிக்காவின் ஜூல் கருவி 0.7 மி.லி. பாட்களோடு சந்தைக்கு வந்த பிறகு, பாட் என்ற சொல்லே கார்ட்ரிட்ஜுக்கு மறுபெயராகிவிட்டது.

இன்று தினசரிப் பயன்பாட்டில் இருப்பவை முக்கியமாக நான்கு வகை: நிரப்பி மூடிய பாட், காயில் உள்ளேயே பதிந்திருக்கும் மறுநிரப்பு பாட், காயிலைக் கழற்றி மாற்றும் பாட், 510 திருகு கொண்டவை. இவற்றோடு, தூக்கியெறியும் கருவியையும் சேர்த்துப் பார்க்காமல் ஒப்பீடு முழுமையாகாது.

நிரப்பி மூடிய பாட்

உறையைப் பிரித்து, கருவியில் செருகி, இழுக்க வேண்டியதுதான். திரவம், காயில், மின்சக்தி மூன்றையும் ஒரே தயாரிப்பாளர் ஒன்றுக்கொன்று பொருத்தி வைத்திருப்பதால் அடிப்பிடிப்பது அரிது. சிகரெட்டிலிருந்து நேற்றுத்தான் மாறியவருக்கு இதைவிட எளிதானது இல்லை.

இதில் பலவற்றில் பருத்திக்குப் பதிலாகப் பீங்கான் இருக்கும். நுண்துளைகள் நிறைந்த ஒரு சின்னப் பீங்கான் கட்டி, அதன் அடிப்பக்கத்தில் அச்சிட்டதுபோல் ஒரு மெல்லிய உலோகக் கோடு. திரவம் துளைகள் வழியே ஊறி இறங்கும், சூடான பக்கத்தில் ஆவியாகும். பீங்கான் பஞ்சுபோலக் கரியாகாது. அதனால் ஒருமுறை தவறுதலாகக் காய்ந்த நிலையில் இழுத்துவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் துளைகளில் இனிப்பூட்டியின் கசடு அடைத்துக்கொண்டால் கழுவி எடுக்க வழியில்லை. கெட்டியான திரவம் அந்தத் துளைகளுக்குள் ஏறவும் சிரமப்படும்.

மூடிய பாட் வகையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. திரவம் தயாரான நாளிலிருந்தே காயிலைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. அலமாரியில் எட்டு மாதம் இருந்த பாட் என்றால், எட்டு மாதமாக உலோகமும் அமிலம் கலந்த திரவமும் ஒன்றாக ஊறியிருக்கின்றன. நிக்கோட்டின் காற்றுப் பட்டால் பழுப்பாகும். வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய திரவம் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் அதை எடுக்காமல் விடுவது நல்லது. உறையில் தேதி இல்லாத பாட்டை வாங்கவே வேண்டாம்.

மூடியை நெம்பித் திறந்து மறுபடி நிரப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஒருமுறை பெரும்பாலும் நன்றாகவே போகும். இரண்டாம் முறை சுவை மங்கும், மூன்றாம் முறை கசியும். அந்தக் காயில் ஒரு நிரப்பலுக்கென்றே செய்யப்பட்டது. நெம்பிய மூடி பழையபடி காற்றுப் புகாமல் உட்காருவதும் இல்லை. நிரப்பித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கென்று செய்த பாட்டுக்கு மாறுவதே சரி.

தூக்கியெறியும் கருவியும் உள்ளுக்குள் இதே மூடிய பாட்தான். கூடவே ஒரு லித்தியம் பேட்டரியும் குப்பைக்குப் போகிறது. பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் அதன் விற்பனையைத் தடை செய்ததற்குச் சொன்ன காரணங்களில் இந்தக் குப்பையும் ஒன்று. உறையில் போடும் இழுப்புக் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2 மி.லி. திரவத்தில் 600 இழுப்பு என்றால் ஓர் இழுப்புக்கு 0.0033 மி.லி., அதாவது நான்கு மில்லிகிராமுக்கும் குறைவு. அது ஒரு நொடி, ஒன்றரை நொடி நீளும் சின்ன இழுப்புக்குத்தான் பொருந்தும். சிகரெட் பழகியவர் இழுப்பது மூன்று நொடி. அவருக்கு அந்த 600 என்பது 300க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். எந்த வகையை ஒப்பிட்டாலும் இழுப்பு எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு மில்லிலிட்டரைப் பாருங்கள்.

மறுநிரப்பு பாட்

தினமும் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது, காயில் உள்ளேயே பதிந்த மறுநிரப்பு பாட். பக்கவாட்டிலோ மேலேயோ சிலிக்கோன் அடைப்பு இருக்கும், அதைத் தூக்கி நிரப்பலாம். காயில் தேய்ந்தால் பாட்டோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும். கழற்றும் இணைப்பு எதுவும் இல்லாததால் கசியும் இடமும் குறைவு. 2 மி.லி. பாட் நான்கிலிருந்து ஆறு நிரப்பல் வரை தாங்கும். எளிதாக நினைவில் வைக்க ஒரு கணக்கு: ஒரு 10 மி.லி. திரவ பாட்டிலுக்கு ஒரு பாட். இனிப்பு அதிகமுள்ள திரவம் என்றால் அதற்கு முன்பே போய்விடும். சுக்ராலோஸ் என்ற இனிப்பூட்டி ஆவியாகாமல் காயிலின் மேல் பாகுபோல் படிந்து இறுகி, கறுத்த ஓடாகிவிடும். அந்த ஓடு திரவத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்பதால், காயில் சூடாகிறது, திரவம் போய்ச் சேர்வதில்லை. பழுப்பு நிறப் பழச்சுவைத் திரவம் போட்ட பாட்டையும் நிறமே இல்லாத புதினாத் திரவம் போட்ட பாட்டையும் ஒரு வாரம் கழித்து வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். முதலாவதில் காயிலைச் சுற்றிக் கரிவளையம், இரண்டாவதில் பஞ்சு ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும்.

காயிலைக் கழற்றி மாற்றும் பாட் வகையில், தொட்டி மாதக்கணக்கில் நிற்கும். காயிலை மட்டும் அடியிலிருந்து பிடுங்கிவிட்டுப் புதியதை அழுத்திச் செருக வேண்டும். குப்பை குறையும், செலவும் குறையும். ஒரே தொட்டியில் 0.8 ஓம், 1.2 ஓம் (காயிலின் மின்தடை அளவு) என்று விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். கையில் கொஞ்சம் பொறுமை இருப்பவருக்கு இதுதான் நான்கில் சிறந்தது. சிக்கல் வருவது செருகும் இடத்தில். காயிலின் மேலும் கீழும் ஒவ்வொரு சிலிக்கோன் வளையம் இருக்கும். அதில் ஒன்று முறுக்கிக்கொண்டாலும் மறுநாள் காலையில் கருவியின் குழி திரவத்தில் நிற்கும். சில காயில்களில் ஒரு பக்கம் தட்டையாக வெட்டியிருப்பார்கள். அந்தத் தட்டைப் பக்கம் பாட்டுக்குள் இருக்கும் தட்டைப் பக்கத்தோடு சேர வேண்டும். வளையத்தில் ஒரு துளி திரவம் தடவி, மெல்லத் திருகியபடி அழுத்தினால் முறுக்காமல் உட்காரும். காயிலின் அடி பாட்டின் அடியோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது முழுதாக உட்காரவில்லை.

காயிலிலும் இரண்டு வகை. சுருள் கம்பி பழையது. மெஷ் என்பது துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு. கம்பி நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் சூடாகும். மெஷ் பரப்பு முழுவதும் ஒரே சீராகச் சூடாவதால் சுவை தெளிவாக வரும், ஆயுளும் கூடும். பதிலுக்குத் திரவத்தை வேகமாகக் குடிக்கும்.

510 திருகு

510 என்பது ஒரு பழைய கருவியின் எண். அதன் திருகு அளவு, 7 மி.மீ. விட்டம், 0.5 மி.மீ. புரி இடைவெளி, உலகமெங்கும் பொது அளவாக நிலைத்துவிட்டது. எந்தத் தயாரிப்பாளரின் தொட்டியும் எந்தப் பேட்டரியிலும் ஏறும் என்பது இதன் பலம். அதுவே பலவீனமும்கூட, ஏனென்றால் காயிலுக்கு ஏற்ற மின்சக்தியை யாரும் உங்களுக்காகப் பொருத்தி வைக்கவில்லை. மிக இறுக்கமாகத் திருகினால் பேட்டரியின் நடு முனை உள்ளே அமுங்கிப்போகும். அடுத்த முறை கார்ட்ரிட்ஜ் இல்லை என்று கருவி சொல்லும். கருவியை அணைத்துவிட்டு, மரக்குச்சியால் அந்த முனையை ஒரு மயிரிழை மேலே தூக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விரல்நுனியால் திருகி, நின்ற இடத்தில் விட்டுவிட வேண்டும்.

இந்தத் திருகில் கஞ்சா எண்ணெய்க் கார்ட்ரிட்ஜ்களும் வருகின்றன. தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. 2019இல் அமெரிக்காவில் பரவிய கடும் நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவோ இறந்ததாகவோ பதிவானது. உயிரிழந்தவர்கள் 68 பேர். நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தபோது 51 பேரில் 48 பேருக்கு வைட்டமின் ஈ அசிட்டேட் இருந்தது. முறையற்ற வழியில் விற்ற கஞ்சா எண்ணெயைக் கெட்டியாகக் காட்டக் கலந்த பொருள் அது. வயிற்றுக்குள் போனால் தீங்கில்லாத எண்ணெய்ப்பசை நுரையீரலுக்குள் போனால் கொல்லும். எவ்வளவு நல்ல மணமாக இருந்தாலும் எண்ணெயில் கரைத்த எந்தச் சுவைப்பொருளையும் எந்தக் கார்ட்ரிட்ஜிலும் ஊற்றக் கூடாது. யார் நிரப்பியது என்று தெரியாத கார்ட்ரிட்ஜைத் தொடவே கூடாது.

திரவம், ஓம், வாட்

திரவத்தின் அடிப்படை இரண்டு பொருள்கள்: பிஜி என்கிற புரொப்பிலீன் கிளைக்கால், விஜி என்கிற கிளிசரின். பிஜி எளிதாக ஓடும், 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். விஜி பாகுபோல நகரும், கொதிநிலை 290. அறை வெப்பத்தில் கிளிசரினின் கெட்டித்தன்மை பிஜியைவிட இருபது மடங்குக்கும் அதிகம். அடிப்பிடிக்கும் சிக்கலின் வேர் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. 70 விழுக்காடு விஜி உள்ள திரவத்தை, சின்னத் துளை கொண்ட 1.2 ஓம் பாட்டுக்குள் ஊற்றினால், திரிக்குள் அது ஏறி முடிப்பதற்குள் அடுத்த இழுப்பு வந்துவிடுகிறது. பாட்டுக்குப் பாதிக்குப் பாதி, அதிகம் போனால் 60 விஜி. பெரிய துளையுள்ள 0.4, 0.3 ஓம் காயிலுக்கு 70 விஜி. மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் கசியும். குளிர்நாளில் விஜி இன்னும் இறுகும். வெளியே குளிரில் இருந்து வந்ததும் பாட்டை உள்ளங்கையில் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு இழுக்கலாம்.

ஓம் என்பது காயிலின் மின்தடை. மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தால் மின்சக்தி வாட் கணக்கில் கிடைக்கும். 3.7 வோல்ட்டில் 1.2 ஓம் காயில் 11.4 வாட் எடுக்கும், 0.8 ஓம் 17.1, 0.6 ஓம் 22.8. மின்சக்தியைச் சீராக வைக்கும் சுற்று இல்லாத மலிவுக் கருவியில் 1 ஓம் காயில், முழு சார்ஜில் 17.6 வாட்டிலும் பேட்டரி 3.3 வோல்ட்டுக்கு இறங்கியதும் 10.9 வாட்டிலும் ஓடும். காலையில் தொண்டையைக் காறியது மாலையில் சப்பென்று ஆவதற்குக் காரணம் இதுதான், பாட்டை மாற்றிப் பயனில்லை.

வாட் ஏற்றக்கூடிய கருவியானால், காயிலின் மேல் அச்சிட்டிருக்கும் எல்லையின் கீழ்முனையிலிருந்து தொடங்குங்கள். 10 முதல் 14 வாட் என்று இருந்தால் 10இல் வைத்து நாலைந்து இழுப்பு, பிறகு அரை அரை வாட்டாக ஏற்றம். சுவை நன்றாக வந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மேல்முனையைத் தாண்டுவது சுவையைக் கெடுப்பதோடு நிற்காது. கிளிசரின் மிகையாகச் சூடானால் அக்ரோலின் என்ற நச்சு பிறக்கும், புகை கண்ணை எரிக்கச் செய்யும் பொருள்களில் அதுவும் ஒன்று. ஃபார்மால்டிஹைடு என்ற நச்சும் அப்படித்தான் பிறக்கும். 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு வெளிவிடும் பொருள்கள் தென்படவில்லை. அதே தொட்டியை 5 வோல்ட்டில் ஓட்டியபோது தென்பட்டன. அவ்வளவு சூட்டில் எந்த மனிதரும் இழுக்க மாட்டார் என்று பின்னர் மறுப்பு எழுந்தது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கிறது: கருகல் வாடை ஓர் எச்சரிக்கை. அதைச் சகித்துக்கொண்டு பாட்டைத் தீர்த்துவிடப் பார்ப்பதுதான் இந்தப் பழக்கத்தில் செய்யக்கூடிய மோசமான காரியம்.

நிக்கோட்டின் அளவு

நிக்கோட்டின் சால்ட் என்பது நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்தது. அதன் காரத்தன்மை குறைவதால் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. அளவிலும் தொண்டை காறாது. அமிலம் சேர்க்காத ஃப்ரீபேஸ் அதே அளவில் இருமலைக் கிளப்பிவிடும். ஆகவே 1 ஓம், 1.2 ஓம் பாட்டுக்குச் சால்ட் 10 முதல் 20 மி.கி., ஆவியை நிறையத் தள்ளும் 0.4 ஓம் காயிலுக்கு ஃப்ரீபேஸ் 3 அல்லது 6 மி.கி. இதைக் குழப்பிக்கொண்டு 20 மி.கி. சால்ட்டை 0.4 ஓமில் போட்டால் பத்து இழுப்பில் தலை சுற்றும், குமட்டும். உடனே நிறுத்திக் காற்றோட்டத்தில் உட்கார வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 மே முதல் கார்ட்ரிட்ஜ் 2 மி.லி., திரவ பாட்டில் 10 மி.லி., நிக்கோட்டின் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சந்தையில் கிடைக்கும் பாட்களில் பல 2 மி.லி. அளவில் இருப்பதற்கு அந்த வரம்பு ஒரு பெரிய காரணம். அமெரிக்காவில் வந்த அந்த 0.7 மி.லி. ஜூல் பாட்டுக்குள் ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய 59 மி.கி. இருந்தது. பெருக்கிப் பாருங்கள்: 0.7 மடங்கு 59 ஏறக்குறைய 41 மி.கி.; 2 மடங்கு 20 என்பது 40. சின்ன பாட், பெரிய பாட், இரண்டிலும் உள்ள மொத்த நிக்கோட்டின் ஏறத்தாழ ஒன்றே. பாட் எத்தனை என்று எண்ணுவதைவிட ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதி வைத்தால்தான், குறைத்துக்கொண்டு வருகிறோமா கூட்டிக்கொண்டு போகிறோமா என்பது தெரியும்.

நிரப்பும் முறையும் கெடும் விதமும்

முதல் நிரப்பலில்தான் பாட்டின் ஆயுள் முடிவாகிறது. கழற்றும் காயில் என்றால், பக்கத்துத் துளைகளில் தெரியும் பஞ்சின் மேல் துளைக்கு ஒரு துளி, மேலிருந்து நடுக்குழாய்க்குள் ஒரு துளி, அதற்குமேல் வேண்டாம். பிறகு காயிலைப் பாட்டுக்குள் செருகி நிரப்புங்கள். திரவ பாட்டிலின் முனையைத் துளைக்குள் விட்டு மெதுவாக அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் காற்று வெளியேற வழியில்லாமல் திரவம் காயில் வழியே கீழே தள்ளப்படும். விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு சின்னக் காற்றுக்குமிழி விட்டுவையுங்கள். மேலே இருக்கும் அந்தக் காற்றின் அழுத்தம் சற்றுக் குறைவாக இருப்பதால்தான் திரவம் கீழே கொட்டாமல் நிற்கிறது. அடைப்பை மூடியதும் பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். பிறகு கருவியில் போடாமல், பாட்டை மட்டும் வாயில் வைத்து மூன்று முறை இழுக்கவும். இதற்குப் பொறுமையில்லாமல் நிரப்பிய உடனே இழுத்தால், பஞ்சின் நடுவில் காய்ந்திருக்கும் ஒரு புள்ளி கருகும். அந்தப் புள்ளி மீண்டும் பஞ்சாக மாறாது. அந்தப் பாட் தீரும்வரை அதே வாடைதான்.

அடுத்தடுத்து விடாமல் இழுப்பதும் இதே கேட்டைச் செய்யும். ஓர் இழுப்பில் வற்றிய திரவம் மறுபடி ஊறப் பாட்டுக்குச் சில நொடிகள் வேண்டும். இரண்டு இழுப்புக்கு நடுவே கால் நிமிடம் விட்டால் போதும். தொட்டியில் திரவம் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் நிரப்பிவிட வேண்டும், கடைசிச் சொட்டு வரை காத்திருக்கக் கூடாது. திரியின் துளை திரவ மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால், கருவியைச் சாய்த்துப் பிடிக்கும் ஒவ்வொரு இழுப்பும் காய்ந்த இழுப்புதான்.

களகளவென்று சத்தம் வந்து வாயில் திரவம் தெறித்தால் அது எதிர்ப்பக்கத்துச் சிக்கல்: நடுக்குழாயில் திரவம் தேங்கியிருக்கிறது. ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல் பலமாக இழுப்பது இதற்கு முதல் காரணம். பாட்டைக் கழற்றி, வாய்ப்பகுதியைக் கீழே திருப்பி, ஒரு மெல்லிய காகிதத்தில் பிடித்து இரண்டு முறை உதறுங்கள். முறுக்கிய காகித நுனியைக் குழாய்க்குள் விட்டு ஒற்றி எடுங்கள். பிறகு இதமாக, நீளமாக இழுத்தால் மீதி ஆவியாகிவிடும்.

கருவியின் குழியில் ஈரம் நிற்பது எப்போதுமே கசிவாக இருக்க வேண்டியதில்லை. ஆவி குளிர்ந்து துளியாவதும் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் பாட்டைக் கழற்றிக் குழியைத் துடைத்துவிட்டால் போதும். விட்டுவிட்டால் அந்த ஈரம் இழுப்பை உணரும் சென்சாருக்குள் இறங்கும். அதன்பின் கருவி இழுத்தாலும் சூடேறாது, அல்லது யாரும் இழுக்காமலே சூடேறும். தானாகச் சூடேறும் கருவியைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். உடனே பாட்டைக் கழற்றிவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு உலோக முனைகளைத் துடைத்து, ஒரு நாள் காயவிடவும். மறுபடியும் தானாகச் சூடேறினால் அந்தக் கருவியை விட்டுவிட வேண்டியதுதான்.

காயில் வழியாக உலோகத் துகள் ஆவியில் கலப்பதும் உண்மை. 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, 56 பேர் தினமும் பயன்படுத்திய கருவிகளை வாங்கிச் சோதித்தது. பாட்டிலில் இருந்த திரவத்தைவிட, காயிலைத் தாண்டி வந்த ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீஸ் அதிகமாக இருந்தன. திரவத்தை வாரக்கணக்கில் பாட்டுக்குள் ஊறவிடாமல் இருப்பதற்கும் பழுப்பேறிய மிச்சத்தை ஊற்றிவிடுவதற்கும் இது போதுமான காரணம். இரண்டு வாரம் தொடாமல் கிடந்த பாட்டை மறுபடி வாயில் வைக்காமல், புதிதாக ஒன்று போடுங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: கேபின் அழுத்தம் குறையும்போது தொட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தைத் திரி வழியே வெளியே தள்ளும். பாதி நிரம்பிய பாட்தான் அதிகம் கசியும், அதில்தான் காற்று அதிகம். காலியாக எடுத்துப் போவது எல்லாவற்றையும்விட நல்லது. பேட்டரியுள்ள கருவியைப் பதிவுப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பது 2015 முதல் பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதி. கைப்பையில்தான் வைக்க வேண்டும். போய் இறங்கும் நாடு அதை அனுமதிக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தீர்ந்த பாட்டுக்குள்ளும் கொஞ்சம் நிக்கோட்டின் ஒட்டிக்கொண்டிருக்கும். பழவாசனை வருவதால் குழந்தை அதை வாயில் வைக்கும், நாயும் கடிக்கும். கழற்றிய பாட்டையும் காயிலையும் மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்து, நிறைந்ததும் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். நிரப்பும்போது கையில் பட்ட திரவத்தைத் துணியில் துடைத்தால் போதாது. நிக்கோட்டின் தோல் வழியாகவும் ஏறும், உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.